தெற்கு யன்னல் வெளிச்சம்

கேக் தட்டில் விரித்திருந்த தாளின் ஓரம் இன்றைக்குக் கருகிவிட்டது. அடுப்பின் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. மா தீயும் மணம் இல்லை, தாள் சூட்டில் பழுப்பேறிக் கருகும் மணம். உன் வீட்டு முன்னறையில் பல்புக்கு முன்னால் குண்டூசி குத்தித் தொங்கவிட்டோமே, அந்தத் தாளின் மணம். கையில் பிடிதுணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அன்ரி மணக்குது?" என்றாள் உன் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் குசினி மேசையில் இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மடியில் உன் பூனை கரியன் சுருண்டு கிடந்தான்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "உன்ரை அம்மாவும் நானும் படம் எடுக்கேக்கை வாற மணம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா எப்பிடி இருந்தவ?" என்று கேட்டாள்.

எடியே, கேட்டுவிட்டாள். நீ போய், அவள் இந்த நாட்டுக்கு வந்து, இவ்வளவு காலத்தில் முதல் தரமாகக் கேட்டாள். "அவள் கேட்டாக் காட்டு. கேளாட்டில் விட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. அவள் கேட்கவே மாட்டாளோ என்ற பயத்தோடு உன் படத்தை அலுமாரிக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் மற்றதையெல்லாம் ஒருமுறை உன்னோடு கதைக்கவேண்டும். உன்னை விட்டால் இந்தப் பைத்தியக்காரக் கதையை நான் வேறு யாரோடு கதைப்பது?

செவன் ஹில்ஸ் றெயில் மேடையில்தானே முதலில் கண்டோம். ஊரில் ரீச்சராக இருந்த நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்கிவிட்டு மெரிலேண்ட்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மேடையின் மற்றக் கரையில் நீ நின்றாய். அந்த நாட்களில் சேலை கட்டிய ஒருத்தியைக் கண்டால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். நான் கிட்ட வரமுதலே நீ கேட்டாய்: "யாழ்ப்பாணமோ?" ஓம் என்றேன். "எந்த வருசம் பிறந்தனீங்கள்?" என்றாய். ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. ஒரே வருசம் என்று தெரிந்ததும், "அப்ப நீ எண்டே கதைப்பம். மரியாதை குடுத்துக் களைச்சுப்போனன்" என்றாய். இப்படியும் ஒருத்தியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த நாள் உனக்காக ஒரு றெயிலை விட்டுவிட்டு நின்றேன்.

உன் பிள்ளை அப்போது ஊரில், உன் மச்சாளிடம். இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தாய். வீடும் வேலையும் சரிவந்ததும் கூப்பிடலாம் என்று உன் அவர் சொன்னார். வீடு சரிவந்தது, வேலை சரிவந்தது, குடிவரவுக் கந்தோரில் பிள்ளையின் விசாப் பேப்பர்தான் நகரவில்லை. "வாற கிழமை, வாற மாசம்" என்று நீ சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பிறகு நான் அதைப்பற்றி விசாரிப்பதையே விட்டுவிட்டேன்.

பிள்ளை முகத்தை மறக்கப்போகிறாள் என்று பயந்துதான் நீ பரமற்றாவில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனாய். நானும் கூட வந்தேன். உன் கலியாண வெள்ளைப் பட்டு, முகத்தில் அரை ரின் பவுடர். அந்த மனிசன் நல்ல மனிசன்தான், குறை சொல்லக்கூடாது. ஒளி அளக்கும் கருவியை உன் சேலைக்குக் கிட்டப் பிடித்து அளந்தார், "ஸ்மைல், டார்லிங்" என்றார், எடுத்தார். படம் வந்தது. சேலையின் கரையில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கதிரையின் செதுக்கு வேலை தெரிந்தது. உன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் பூசிய கரிச்சட்டி ஒன்று, அதில் கொஞ்சம் பல். நீ அதைத்தான் ஊருக்கு அனுப்பினாய், வேறு இல்லாதபடியால்.

மச்சாளின் கடிதம் வந்த அன்று நீ எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. மடித்து வைத்துக்கொண்டு சொன்னாய். "படத்தைக் காட்டினவவாம். பிள்ளை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாத்திட்டு, 'இதிலை அம்மா எங்கை?' எண்டு கேட்டதாம்."

நான் ஸ்ரூடியோக்காரனைத் திட்டினேன். மச்சாளைத் திட்டினேன், இதையெல்லாம் எழுதுவதா என்று. நீ என்னை முடியும்வரை திட்டவிட்டாய். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தேங்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாய்: "எனக்கு நெஞ்சிலை கட்டியடி. வெட்டத்தான் வேணுமாம். வெட்டினாலும் நம்பிக்கை குடுக்கமாட்டினமாம். மருந்து துடங்கினா முகம் இப்பிடி இராதாம். அதுக்குள்ளை ஒரு படம் வேணும். அவள் பாத்தவுடனை இதுதான் அம்மா எண்டு தெரியிறமாதிரி ஒரு படம்."

விமானத்தில் போகக்கூடாது என்று டொக்டர் தடுத்துவிட்டார். பிள்ளை வரமுடியாது. முகத்தையாவது அனுப்பவேண்டும். அவ்வளவுதான் கேள்வி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"வேறை ஸ்ரூடியோ பாப்பம்" என்றேன்.

"எல்லாரும் வெள்ளை முகத்துக்கு விளக்குப் போடப் பழகினவங்கள். நாங்களே பழகுவம்" என்றாய். உன் அவருடைய தொழிற்சாலை நண்பரிடம் பழைய கமரா ஒன்று இரவல் வாங்கினாய். நூலகத்தில் இருந்து வீட்டில் ஸ்ரூடியோ அமைப்பது எப்படி என்ற தடித்த இங்கிலிஸ் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "நீதான் எடுக்கோணும். நான் இருக்கோணும்" என்றாய். கமராவின் எந்தப் பக்கத்தால் பார்ப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

பழகுவதற்கு ஆள் வேண்டுமே. உனக்கு அதிகநேரம் நிமிர்ந்து இருக்க முடியாது. அப்போதுதான் கரியனைத் தூக்கி மேசைமேல் வைத்தாய்.

அந்தப் பூனையை எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன பூனை. ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத முழுக் கறுப்பு. வந்த முதல் நாளே நான் சொன்னேன், "கறுப்புப் பூனையை ஆரும் வீட்டுக்குள்ளை எடுப்பினமே?" என்று. நீ சிரித்தாய். "றோட்டிலை என்னைக் கண்டும் சிலபேர் மற்றப் பக்கத்தாலை போகினம். நானும் அவனும் ஒரு இனம்" என்றாய். இப்போது அவனை மேசையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "இவன் என்னைவிடக் கறுப்பு. இவன்ரை முகம் தெரிஞ்சுதெண்டா என்ரை முகம் தெரியும்."

அப்படித்தான் பழகத் தொடங்கினோம். வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் கரியனை இருத்தி, படக்கடையில் வாங்கிய இரண்டு பெரிய பல்புகளை நேரே அவன் முகத்தில் அடித்தோம். அவை சாதாரண பல்புகளா? கிட்டப் போனால் கண்ணீர் வரும், அப்படிச் சூடு. இங்கே பார்மசியில்தானே படமும் கழுவுவார்கள், அங்கே கொடுத்த பிலிம் ஒரு கிழமைக்குப் பிறகு வந்தது. விரிப்பில் யாரோ ஓட்டை வெட்டியதுபோல் ஒரு கறுப்பு, அதில் இரண்டு கண். கரியனின் மீசைகூட இல்லை. நீ அந்தப் படத்தையும் உன் ஸ்ரூடியோப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். "பாத்தனியே, ஒரே பிழை" என்றாய். உனக்கு அதில் ஒரு சந்தோசம். பிழை முகத்தில் இல்லை, வெளிச்சத்தில் என்று தெரிந்த சந்தோசம்.

கரியனைப் பிடித்து வைத்திருப்பதுதான் பெரிய பாடு. நான் கிட்டப் போனால் சீறுவான். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் நீ பக்கத்தில் குந்தியிருந்து, அவன் கழுத்துக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டிருப்பாய். உன் முகம் படத்துக்கு வெளியே. கை மட்டும் உள்ளே. "கை விழுதடி" என்பேன். "விழட்டும், ஆர் கையைப் பாக்கப்போகினம்?" என்பாய். ஒரு காப்பு, கலியாண மோதிரம், பெருவிரல் நகத்தில் அந்த வெள்ளைத் தழும்பு. அந்தக் கை இல்லாத பூனைப் படம் எங்களிடம் ஒன்றுமே இல்லை. பாழாய்ப்போன படங்களை எறியவும் மனமில்லாமல், பிள்ளை பூனை பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாக ஊருக்கு அனுப்பினாய். பிள்ளைக்குப் பூனையைப் பிடித்துப்போயிற்று. 'கரியன் இன்னும் படம் எடுக்கவில்லையா' என்று கேட்கிறாளாம் என்று மச்சாள் எழுதினா.

மெல்லமெல்லச் சிலது பிடிபட்டது. கறுப்பின்மேல் விளக்கை நேரே அடித்தால் அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். விளக்கைப் பக்கத்தில் ஒரு வெள்ளை விரிப்புக்கு அடித்து, அந்த விரிப்பின் வெளிச்சத்தைப் பூனைமேல் விழவிட்டால் உடம்பின் வளைவுகளில் வெள்ளிக் கோடு ஓடும். பல்பின் முன்னால் கேக் சுடும் தாளைத் தொங்கவிட்டால் கடுமை குறையும். கறுப்பையே அளந்து எடுத்தால் கரியன் சாம்பல் பூனையாவான், விரிப்பை அளந்தால் ஓட்டையாவான், இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். அதோடு, அவன் தன்னை நக்கித் துடைத்தபிறகு எடுத்த படங்களில்தான் மயிர் மினுங்கியது. அதைக் கண்டுவிட்டு நீ துள்ளினாய். "பவுடரடி! பவுடர்தான் என்னைச் சாம்பலாக்கினது. படம் எடுக்கிறதெண்டா பவுடர் பூசோணும் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது?" அன்றைக்கே அந்த ரின்னைக் குப்பைக்குள் போட்டாய். நானும் வீட்டுக்குப் போய் என்னுடையதைத் தூக்கினேன், எறிய மனம் வரவில்லை. பலசாலி நீதான்.

ஆனால் பகல் வெளிச்சம் எங்களைக் கொன்றது. நல்ல முகப்படத்துக்கு வடக்கு யன்னலே உகந்தது, அங்கே வெயில் நேரே விழாது, நாள் முழுக்க ஒரே அமைதியான வெளிச்சம் என்று அந்தப் புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. உன் வீட்டில் வடக்கு எது என்பதில் சந்தேகமே இல்லை. சாமிப் படம் கிழக்குப் பார்க்கவேண்டும் என்று உன் அவர் திசைகாட்டி வைத்து அளந்த வீடு அது. முன்னறை யன்னல் வடக்கு. அங்கேதான் எல்லாவற்றையும் பரப்பினோம். அமைதியான வெளிச்சமா? கரியனின் ஒரு பாதி வெள்ளையாக எரிந்தது, மறுபாதி இருட்டுக்குள் போனது. திரைச்சீலை போட்டோம். இரண்டு போட்டோம். தாள் ஒட்டினோம். நான் கமராவைக் குறை சொன்னேன், நீ பிலிமைக் குறை சொன்னாய், இரண்டு பேரும் சேர்ந்து பூனையைக் குறை சொன்னோம். கிழமைகள் போயின. இடையில் உன்னை வெட்டினார்கள். மருந்து தொடங்கினார்கள். நீ தலையில் கம்பளித் தொப்பியோடு வந்து, பூனைக்குக் கை கொடுத்துக்கொண்டு இருந்தாய்.

நீ அதைக் கண்ட நாளை எப்படி மறப்பேன். நல்ல குளிர்காலம். மத்தியானம். கரியன் மேசையில் இருக்கமாட்டேன் என்று பாய்ந்து, வடக்கு யன்னல் படியில் போய் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்தான். வெயில் அவன்மேல் வாளியால் ஊற்றியதுபோல். நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இவன் ஏன் எப்பவும் இந்த யன்னலிலை படுக்கிறான்?" என்றாய். பிறகு எழும்பி, கதவைத் திறந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாய். நான் பின்னால் ஓடினேன். முற்றத்துப் புல்லில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எடி, சூரியன் எங்கை நிக்குது பார்."

பார்த்தேன். வடக்கே நின்றது. உச்சிப்பொழுதில், வடக்கு வானத்தில், தாழ்வாக.

புத்தகம் பொய் சொல்லவில்லை. அது பூமியின் வடபாதிச் சூரியனுக்கு எழுதின புத்தகம், நாங்கள் வந்து நின்றது தென்பாதியில். நாங்களோ சூரியன் தலைக்கு மேலே நிற்கிற ஊரில் இருந்து வந்தவர்கள், அது எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்று வாழ்நாளில் ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்ததில்லை. சாமிக்குத் திசை பார்த்தோம், தலை வைத்துப் படுக்கத் திசை பார்த்தோம், வெயிலுக்குத் திசை பார்க்கவில்லை. புல்லில் நின்று நீ சிரிக்கத் தொடங்கினாய். நானும் சிரித்தேன். நெஞ்சைப் பொத்திக்கொண்டு, தையல் நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. நீ அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் இன்றும் கோபம். ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம்.

இந்த நாட்டில் அமைதியான வெளிச்சம் வருவது தெற்கால். உன் வீட்டில் தெற்குப் பக்கம் குசினி. ஸ்ரூடியோவைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோனோம். யன்னல் ஓரமாகக் கதிரையைப் போட்டுவிட்டு நான் தயங்கி நின்றேன். நான் சகுனம் பார்க்கிறவள், உனக்குத் தெரியும். அதுவும் நீ இருந்த நிலையில்.

"தெற்குப் பக்கமே..." என்றேன். "எமன்ரை திசையல்லே."

"எமன் வாறதெண்டா எந்தப் பக்கத்தாலையும் வருவான்" என்றாய். "வெளிச்சம் இந்தப் பக்கத்தாலைதான் வருது. கமராவை எடு."

முதலில் கரியனை எடுத்துப் பார்த்தோம். ஒரு கிழமை காத்திருந்தோம். படம் வந்தபோது நான் பார்மசி வாசலிலேயே பிரித்துவிட்டேன். மீசை ஒவ்வொன்றும் தெரிந்தது. மூக்கின் ஈரம் தெரிந்தது. காதுக்குள் இருந்த மெல்லிய மயிர்கூடத் தெரிந்தது. கறுப்புக்குள் இவ்வளவு நிறங்களா? உன் வீடுவரை ஓடி வந்தேன். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தாய், கனநேரம் பார்த்தாய். "நாளைக்கு என்னை எடு" என்றாய்.

அடுத்த நாள் உனக்குக் காய்ச்சல். வேறு நாள் பார்ப்போம் என்றேன், கேட்கவில்லை. வெள்ளை வேண்டாம் என்று மாம்பழ நிறச் சேலையைக் கட்டினாய். சட்டை தொளதொளத்தது, முதுகுப்புறம் ஊசி குத்தி இறுக்கிவிட்டேன். பவுடர் இல்லை. உள்ளங்கையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கன்னத்தில் தடவினேன். அப்போதுதான் என் விரலுக்கு உன் எலும்பு தட்டுப்பட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டாய். யன்னல் வெளிச்சம் இடப்பக்கத்தால் வந்தது. வலப்பக்கம் விரிப்புக்கு ஒரு பல்பு அடித்தேன், அதற்கு முன்னால் தாள். மடியில் இருக்கமாட்டேன் என்று ஒருநாளும் அடங்காத கரியன், அன்றைக்கு உன் மடியை விட்டு அசையவில்லை. உன் உடம்புச் சூடு அவனுக்கு இதமாக இருந்திருக்கவேண்டும். பழக்கதோசத்தில் உன் கை அவன் கழுத்துக்குக் கீழே போனது.

"சிரிக்கட்டோ?" என்றாய்.

"உன்ரை விருப்பம்."

"அவளைத் தூக்கேக்கை எப்பிடி இருப்பனோ அப்பிடி இருக்கிறன்" என்றாய். எடுத்தேன். தாள் கருகத் தொடங்கிய மணம் வந்தது, பல்பை நிற்பாட்டினேன்.

அந்தப் படம் வந்தபோது உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உன் கையில் கொடுத்தேன். எனக்குப் பெருமை, ஒளிப்பானேன்? அதைவிட நல்ல படத்தை நான் அதற்கு முன்னும் எடுக்கவில்லை, பின்னும் எடுக்கவில்லை. உன் முகம், முழு முகம். கண்ணிமை மயிர், உதட்டு ஓரத்து மச்சம், மூக்குத்தியின் கீழே விழுந்த சின்ன நிழல்.

நீ பார்த்தாய். "நல்ல வெளிச்சம்" என்றாய். "எல்லாம் தெரியுது."

அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லாம் தெரிந்தது. குழிந்த கன்னம், கழுத்து நரம்பு, கண்ணைச் சுற்றிய கறுப்பு, தலைப்புக்குக் கீழே மயிர் இல்லாத நெற்றிக்கரை. அவ்வளவு காலம் பூனையோடு மாரடித்து நாங்கள் பழகிய வெளிச்சம், நோயையும் மீசை மயிர்போல ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது.

"இதை அனுப்பாதை" என்றாய். "பிள்ளை பயந்துபோம். வைச்சிரு. அவள் வளந்து, தானாக் கேட்டாக் காட்டு. கேளாட்டில் விட்டிடு."

நான் அழுதேன். "அழாதை, விசரி" என்றாய். "கரியனுக்குச் சாப்பாடு வைச்சனியே?"

உன்னை எரித்த இடத்தில் ஐந்தாறு குடும்பம் நின்றது. யாரோ ஒருவர் தேவாரம் பாடினார், பாதியில் வரி மறந்துபோனார். உன் அவர் கையில் இருந்தது ஸ்ரூடியோக்காரன் எடுத்த அந்தப் பழைய படம்தான். அதைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, மாலை போட்டு வைத்திருந்தார். வந்தவர்கள் அந்தச் சாம்பல் சட்டியைப் பார்த்து "வடிவான பிள்ளை" என்று அழுதார்கள். என் கைப்பைக்குள் நீ இருந்தாய். எடுத்து எல்லோர் முகத்துக்கு முன்னாலும் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. இதுதான் அவள், கண் இருந்தால் பாருங்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. பிள்ளைக்கு என்று நீ சொன்னதால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு எல்லோர்மேலும் கோபம். உன்மேலும்தான்.

பேப்பர் சரிவந்தது அதற்குப் பிறகு. உன் அவர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். உன் நடை, உன் நெற்றி. என்னைத் தாண்டி யாரையோ தேடினாள். அம்மாவைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"கரியன் எங்கை?" என்று கேட்டாள்.

அம்மா இல்லை என்று அவளுக்கு முதலே சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கு ஒரு செய்தி. பூனைதான் அவளுக்குத் தெரிந்த ஆள். சின்னக் கைப்பைக்குள் நீ அனுப்பிய பூனைப் படங்கள் எல்லாம், ஓரம் நைந்து. உன் அவருக்கு மாறி மாறி வேலை, வீட்டில் பூனையைப் பார்க்க அவரால் முடியவில்லை. நீ போன கிழமையே கரியன் என் வீட்டுக்கு வந்துவிட்டான். எனக்குப் பிடிக்காத பூனைக்கு நான்தான் மீன் அவிக்கிறேன். அவனைப் பார்க்கவென்றே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு இங்கே வருவாள், உன் அவர் வேலை முடிந்து வந்து கூட்டிப்போவார். அவர்கள் வீட்டுச் சுவரில் அந்த ஸ்ரூடியோப் படம் பிளாஸ்ரிக் மாலையோடு தொங்குகிறது. அதைக் கடந்து போகும்போது அவள் தலை நிமிர்வதில்லை. நீயோ கேட்டால் காட்டு என்றாய். தெரியாத ஒருத்தியைப்பற்றிப் பிள்ளை எப்படியடி கேட்கும்?

யார் வீட்டுக்குப் போனாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது தெற்கு எந்தப் பக்கம் என்றுதான். அந்த யன்னலோரத்தில் ஒரு கதிரை போட்டால் வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழும் என்று பார்க்கிறேன். அங்கே உன்னை இருத்துகிறேன். வீட்டுக்காரர் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். என் அவர் என்னை விலாவில் இடிப்பார்.

இனி இன்றைக்கு நடந்தது.

"அம்மா எப்பிடி இருந்தவ?" என்று அவள் கேட்டதும் நான் போய் அலுமாரியைத் திறந்தேன். என் குசினி யன்னலும் தெற்குத்தான், வாடகைக்கு வீடு பார்த்தபோதே அதைத்தான் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் அவளை இருத்தி, ஜாம் கையைத் துடைத்துவிட்டு, படத்தைக் கொடுத்தேன். அவள் பயப்படுவாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயப்படவில்லை. உன் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, மரியாதையாக, சிரிக்காமல், அப்படிப் பார்த்தாள். இவ்வளவு வெளிச்சமும் போட்டு, எல்லாம் தெரியவைத்து, கடைசியில் அவளுக்கு நீ யாரோ ஒருத்தி. நான் படத்தை வாங்கக் கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. அவள் கண் கீழே இறங்கியது. படத்தில் உன் மடியில் கிடந்த கரியனில் நின்றது. பிறகு விரலை வைத்தாள், அவன் கழுத்துக்குக் கீழே, அந்தக் காப்பில், மோதிரத்தில், பெருவிரல் நகத்தின் தழும்பில்.

"இந்தக் கை எனக்குத் தெரியும்" என்றாள்.

நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன்.

"ஊரிலை கரியன்ரை படம் எல்லாத்திலையும் இருந்தது இந்தக் கைதானே, அன்ரி? நான் ராவிலை இதிலை விரலை வைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். இது அம்மான்ரை கையெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சொல்லவில்லைதான். எங்களுக்கே தோன்றவில்லையே. முகம், முகம் என்று அலைந்தோம். பூனை ஓடாமல் இருக்கப் பிடித்த கையை யார் பார்த்தது?

அவள் விரலை எடுக்காமல் கனநேரம் இருந்தாள். மற்றக் கையால் தன் மடியில் கிடந்த கரியனின் கழுத்துக்குக் கீழே, நீ பிடிக்கிறமாதிரியே பிடித்துப் பார்த்தாள். வாசலில் அப்பாவின் கார்ச் சத்தம் கேட்டதும் படத்தை என்னிடம் நீட்டினாள். "நீ கொண்டுபோ, இது உன்ரைதான்" என்றேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"இண்டைக்குக் கை போதும், அன்ரி. முகத்தை நாளைக்குப் பாக்கிறன்."

படத்தை நான் திரும்ப அலுமாரிக்குள் வைக்கவில்லை. யன்னல் படியில், அவளுடைய கண் உயரத்துக்குச் சாத்தி வைத்திருக்கிறேன்.